கத்திக்குக் கல்லில் பிடி: சேலத்தில் நான் பட்டது, நீங்கள் படவேண்டாதது

"அக்கா, கல்லுல பிடி போட்டிருக்கீங்களே, என்ன மிஷின்ல வெட்டுனீங்க?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதுவரை ஆளுக்கு ஒரு பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் மிஷின் பெயர்தான் வேண்டியிருக்கிறது. மிஷின் கடைசியில் யோசிக்கவேண்டிய விஷயம். கல்லை எப்படிப் பார்த்து வாங்குவது, அதன் தூளை எங்கே போகவிடுவது என்கிற இரண்டும் தெரியாமல் யாரும் இந்த வேலையில் கைவைக்கக்கூடாது. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. ஏறக்குறைய ரூ.35,000 பணமும், ஒரு மழைக்காலம் முழுக்க உடம்பும் போனபிறகு தெரிந்துகொண்டேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் அண்ணனுக்குத் தாரமங்கலம் ரோட்டில் சின்னப் பட்டறை. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்கிக் காய்ச்சி அடித்துச் சமையல் கத்தி செய்வான். பிடி போடுவது என் வேலை. கருவேல மரம், புளிய மரம், தேங்காய்ச் சிரட்டை என்று போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம், வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு தொகுதிக் கத்தி கேட்டார்கள். பிடி மட்டும் கல்லில் இருக்கவேண்டும், அதுவும் நம் சேலத்துக் கல்லாக இருந்தால் நல்லது என்றார்கள். ரூ.10,000 முன்பணமும் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊரில்தானே இருக்கிறோம் என்ற தெம்பு.

கல்லுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு குணம். கருப்பூர் பக்கம் வெள்ளைக்கரடாகத் தெரிகிறதே, அது மேக்னசைட். கடினம் 10க்கு 4 அளவில்தான் இருக்கும். எஃகுக் கத்தி முனையால் கீறினால் கோடு விழும். வெட்டச் சுலபம், பாலாடை நிறத்தில் பார்க்கவும் அழகு. ஆனால் அது கார்பனேட் கல். எலுமிச்சையும் புளியும் தினமும் படுகிற சமையல் கத்திக்குப் போட்டால் நாளாக நாளாக மெருகு மங்கிவிடும். அலமாரியில் வைக்கிற கத்தி, காகிதம் வெட்டுகிற கத்தி என்றால் தாராளமாகப் போடலாம். சேர்வராயன் மலை முழுக்க இருப்பது சார்னோகைட். கரும்பச்சையும் சாம்பலும் கலந்து, எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுக்கு இருக்கும். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இந்த வகைக் கல்லைப் போட்டதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. பிடிக்கு அருமையான கல், ஆனால் உள்ளே சிலிக்காத் தாதுவான குவார்ட்ஸ் இருக்கிறது. அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். கஞ்சமலைக் கல் கறுப்பும் சாம்பலும் வரிவரியாக ஓடுகிற இரும்புக்கல். காந்தம் வைத்தால் ஒட்டும். மெருகேற்றினால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. அதில் வெள்ளை வரி எல்லாமே குவார்ட்ஸ், கடினம் 7. கல் வெட்டுகிற சாதாரண வட்டு அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும்.

மலையில் கிடக்கிறதுதானே என்று எடுத்துவரவும் முடியாது. ஏற்காட்டுச் சரிவிலும் கஞ்சமலையிலும் காப்புக்காடு இருக்கிறது, அங்கே கல்லை எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். நான் பில்லோடு வாங்கலாம் என்று கிரானைட் கடைக்குப் போனேன். சமையல் மேடைக்கு வெட்டி மிச்சமான துண்டுகளைக் கடைப் பின்பக்கம் குவித்து வைத்திருப்பார்கள். நல்ல கறுப்பில், கண்ணாடி மாதிரிப் பளபளத்த பலகைத் துண்டுகளைக் காட்டினார் கடைக்காரர். "பக்கத்து மாவட்டத்துக் கல்லுதாங்க்கா, தோட்டக்காரங்களுக்குப் பிடிக்கும்" என்றார். தோட்டக்கார அம்மாவும் போட்டோ பார்த்துச் சரி என்றார்கள். துண்டும், அதை 8 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து வெட்டுகிற கூலியும் சேர்ந்து ரூ.9,000 ஆனது.

பிடியின் ஒரு பக்கத்துக்கு வெட்டிய கல் துண்டைப் பில்லை என்போம். முதல் பில்லையின் ஓரத்தை வளைவாகத் தேய்த்தபோது உள்ளே சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. மேலே ஒரு நூல் கனத்துக்குத்தான் கறுப்பு. தேய்க்கத் தேய்க்க நாய்க்குட்டி சாம்பலில் புரண்ட மாதிரித் திட்டுத்திட்டாக வந்தது. என்னவோ என் உப்புத்தாளில்தான் கோளாறு என்று புதுசு வாங்கித் தேய்த்தேன், அப்போதும் அதே கதை. கடைசியில் மகளின் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்து, தேய்க்காத பக்கத்தில் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். துணி மைதொட்ட விரல் துடைத்தது போலக் கறுத்துவிட்டது. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றி, எண்ணெய் பூசி, கறுப்புக் கல்லாக விற்றிருக்கிறார்கள். சமையல் மேடையாகப் போட்டிருந்தால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரிந்திருக்காது. மேடையின் மேல்முகத்தை யாரும் தேய்த்து எடுப்பதில்லை. கத்திப் பிடிக்கு எல்லாப் பக்கமும் தேய்த்தாக வேண்டும், அதனால் நம்மிடம்தான் குட்டு வெளிப்படும். ஆகவே கடைக்குப் போகும்போதே பையில் அசிட்டோனும் (நகப்பூச்சு அழிக்கிற திரவம்) ஒரு வெள்ளைத் துணியும் இருக்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உடைந்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, உள்நிறமும் மேல்நிறமும் ஒன்றா என்று கேளுங்கள். நான் போய்க் கேட்டதற்கு, "வெட்டுன கல்ல திருப்பி எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. ஒன்பதாயிரம் எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை.

சாயம் ஒன்று என்றால் பிசின் இன்னொன்று. வேறு கடையில் வேறு கல் வாங்கினேன், இந்த முறை துணியில் துடைத்துப் பார்த்துத்தான். நிறம் நின்றது. ஆனால் துளை போடும்போது பில்லை பில்லையாக இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகத்தைப் பார்த்தால் மஞ்சளாக, கண்ணாடி மாதிரி ஒரு படலம். பலகையில் இருக்கிற விரிசலுக்குள் பிசினை ஊற்றி, பின்பக்கம் நார்வலை ஒட்டி, மேலே மெருகேற்றி விற்கிற முறை கிரானைட் தொழிலில் சாதாரணமானது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, மேடைக்கு அது போதும். ஆனால் விரல் அகலத்தில் சன்னமாக வெட்டினால் விரிசல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போய்விடும், தாங்கிப் பிடிக்கக் கல் இருக்காது.

இதற்கு வழி சொன்னவர் எங்கள் தெருவுக்கு அம்மி கொத்த வருகிற தாத்தா. பிளந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, "கண்ணு, கல்ல மொதல்ல காதுல கேக்கோணும், அப்பறம்தான் கண்ணுல பாக்கோணும்" என்றார். பில்லையை இரண்டு விரல் நுனியில் தொங்கவிட்டு ஒரு சின்ன ஆணியால் தட்டினார். நல்லது கணீரென்றது, விரிசல் உள்ளது டொக்கென்று செத்த சத்தம் கொடுத்தது. அடுத்து பில்லையை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்து வைத்தார். மேற்பரப்பு முழுக்கக் காய்ந்து வெளுத்த பின்னும் குறுக்கே ஒரு மயிரிழை மட்டும் ஈரக்கறுப்பாக நின்றது. விரிசலுக்குள் குடித்த தண்ணீர் காய நேரமாகும் அல்லவா, அதுதான் அந்தக் கோடு. அதன்மேல் பென்சிலால் கோடு போட்டு, "இத விட்டுட்டு வெட்டு" என்றார். பிசின் ஊற்றிய விரிசல் தண்ணீர் குடிக்காது, அதற்குக் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச் வாங்கிக்கொண்டேன். இருட்டறையில் அடித்தால் பெரும்பாலான பிசின் வெளிறிய நீலமாக ஒளிரும். இப்போது எந்தக் கல்லும் இந்த மூன்று சோதனையும் தேறாமல் என் வட்டுக்கு முன்னால் போவதில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்றால் அடுத்த பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், இதை இல்லை.

தூள். நான் வேலை செய்தது மொட்டை மாடித் தகரக் கொட்டகையில். நான்கு அங்குல டைல்ஸ் கட்டிங் மிஷினும் டைமண்ட் வட்டும். விற்றவர் வட்டைப் பற்றி அவ்வளவு பேசினார், மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பார்த்த வீடியோக்களிலும் தண்ணீர் இல்லாமல்தான் வெட்டினார்கள். துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு வெட்டினேன். கொட்டகைக்கு வெளியே கொடியில் காய்ந்த மகளின் பள்ளிச் சீருடையை உதறினால் வெண்புகை கிளம்பும். சாயங்காலம் எச்சில் துப்பினால் சாம்பல் நிறம். மழைக்காலம் தொடங்கியதும் இருமல் பிடித்தது, படி ஏறினால் நெஞ்சு அடைத்தது. சளி மருந்தும் கஷாயமும் குடித்துப் பார்த்தேன். நெஞ்சு மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை செய்யறீங்கம்மா?" கல் வெட்டுகிறேன் என்றதும் பேனாவை வைத்துவிட்டு, எத்தனை நாளாக, தண்ணீர் ஊற்றியா ஊற்றாமலா, வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். எக்ஸ்ரே எடுத்து, ரிப்போர்ட் கைக்கு வரும்வரை நான் தூங்கவில்லை. மகளுக்கும் ஏதாவது ஆகியிருக்குமோ என்பதுதான் என்னைத் தின்றது.

எனக்கு மூச்சுக்குழாய் அழற்சிதான், சிலிகோசிஸ் இல்லை என்றார்கள். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். குவார்ட்ஸ் உள்ள கல்லை வெட்டும்போது கிளம்புகிற கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாகிவிடும். தழும்பான நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது, அதைக் குணமாக்க மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் தொழில்நோய்ப் பட்டியலிலேயே அது இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், கெடுதல் செய்வது தெரியாத தூள். சார்னோகைட், கஞ்சமலைக் கல், சாதாரண கிரானைட் எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் உண்டு. உண்மையான கறுப்புக் கல்லில் குறைவு, அதற்காகச் சும்மா விடமுடியாது. எல்லாவற்றையும்விட மோசம், சமையல் மேடைக்கு இப்போது வருகிறதே, "குவார்ட்ஸ்" என்றே பெயர் போட்டு, பல நிறத்தில், ஆலையில் செய்த பலகை. அதில் பெரும்பங்கு குவார்ட்ஸ்தூள்தான். அதை வெட்டிய இளவயது ஆட்களுக்குச் சிலிகோசிஸ் வந்ததால், ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டார்கள். அதன் மிச்சத் துண்டு பிடிக்கு நன்றாக இருக்கும் என்று யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெள்ளைக்கரட்டுப் பக்கத்துப் பச்சைக் கல்லில் நார்நாராகப் பிரிகிற எதையும் தொடவேண்டாம். அந்த இனக் கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும்.

அதன்பிறகு ஒரு வெட்டுக்கூடத் தண்ணீர் இல்லாமல் வெட்டியதில்லை. மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற புது டியூப் வாங்கி, வாளியை மேலே கட்டி, டியூப் முனையை வட்டின் காப்புக்குள் செருகியிருக்கிறேன். உருளையைத் திருகினால் வேண்டிய அளவு தண்ணீர். தூள் பறக்காமல் கஞ்சியாக வழியும், வட்டும் சூடாகாது, கல்லும் சூட்டில் விரியாது. தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனுக்கு, 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழுந்து லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் போட்டேன். ரூ.2,000க்குள் முடிந்தது. அதில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர் ஊற்றினாலும் முகமூடி உண்டு. கன்னத்தில் ஒட்டி உட்காரும் என்95, நாள் முழுக்க வேலை என்றால் வடிகட்டி மாற்றக்கூடிய ரப்பர் முகமூடி. துணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்குப் பயன்படாது. வழிந்த கஞ்சி காய்ந்தால் மறுபடியும் அதே தூள்தான். அதனால் விளக்குமாற்றால் கூட்டக்கூடாது, ஈரமாகவே வழித்து எடுத்து, வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய சேற்றை ஈரத்தோடு பையில் கட்டிப் போடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வேலைத் துணியைக் கொட்டகையிலேயே நனைத்துவிட்டுத்தான் நான் கீழே இறங்குகிறேன்.

மற்றதெல்லாம் இவ்வளவு வலிக்காத பாடங்கள். கஞ்சமலைக் கல்லில் வட்டு வழுக்க ஆரம்பித்தால் வட்டு தேய்ந்துபோனதாக நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள், நான் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வட்டு வாங்கியபிறகுதான் இது தெரிந்தது. வைரத்துகளைப் பிடித்திருக்கிற உலோகம் மழமழப்பாகி மேலே மூடிக்கொண்டிருக்கும். சொரசொரப்பான ஹாலோ பிளாக் கல்லில் நாலைந்து தடவை வெட்டுக் கொடுத்தால் வைரம் மறுபடி வெளியே வரும். துளைக்குச் சிமெண்டுச் சுவர் துளைக்கிற பிட் வேண்டாம், அது இடித்துத் துளைக்கும், பில்லை உடையும். உள்ளே காலியாக இருக்கிற டைமண்ட் பிட், தட்டில் தண்ணீர் நிற்க வைத்து, பேட்டரி டிரில்லில், அழுத்தாமல். அடியில் ஒரு கழிவுக் கல்லை ஒட்டிக்கொண்டால் மறுபக்கம் பெயராது.

கல்லைக் கத்தியோடு சேர்ப்பதில் மரத்தின் பழக்கம் உதவாது. மரப்பிடிக்கு ரிவிட்டைச் சுத்தியால் தட்டி விரிப்போம். கல்லில் தட்டினால் ரிவிட்டு விரிகிற வேகத்தில் துளையிலிருந்து நட்சத்திரமாக விரிசல் ஓடும். எனக்கு முடிந்துபோன கத்திகளிலேயே அப்படி ஆனது, தோட்டக்காரர்களுக்குச் சொன்ன தேதி போனது அதனால்தான். இப்போது பித்தளைக் கம்பியைத் துளையில் தளர்வாகவே விட்டு, இரண்டு பாகத்தைக் கலந்து போடுகிற எபாக்ஸிப் பசை ஊற்றி நிறுத்துகிறேன், தட்டுவதே இல்லை. ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகை வேண்டாம், 24 மணி நேரம் எடுக்கிற அரால்டைட் மாதிரியானது வாங்குங்கள். ஒட்டுகிற முகத்தை மெருகாக விடாமல் 80 நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து, கை படாமல் ஒட்டவேண்டும். கிளாம்பை நெரித்து முறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய ஹைலம் ஷீட் (பிசின் ஏற்றி அழுத்திச் செய்த தகடு) ஒன்று வைப்பேன். வெயிலிலும் வெந்நீரிலும் இரும்பும் கல்லும் ஒரே அளவில் விரியாது, அந்த வித்தியாசத்தை ஷீட் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஒட்டியபின் தேய்க்கும்போது கை பொறுக்காத அளவு சூடானால் நிறுத்திவிடுங்கள், பசை இளகும்.

மெருகு கிரானைட்காரர்கள் பயன்படுத்துகிற டைமண்ட் பேடில்தான், 50-இல் தொடங்கி 100, 200, 400 என்று. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் பிடியையும் கையையும் கழுவாவிட்டால் ஒட்டிவந்த ஒரே ஒரு பருக்கை மறுபடி முதலிலிருந்து தேய்க்க வைத்துவிடும். 3000 வரை கொண்டுபோய்க் கண்ணாடியாக்கலாம், வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். சமையல் கத்திக்கு நான் 400-இல் நிறுத்திவிடுகிறேன். மீன் கழுவுகிற கையில் கண்ணாடிக் கல் வழுக்கும், கத்தி வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஓரங்களைக் கூராக விடாமல் நன்றாக உருட்டுங்கள், கூர் ஓரம்தான் முதலில் பெயரும்.

எடையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 10 சென்டிமீட்டர் நீளம், 2.5 அகலம், 6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பக்கமும் போட்டால் சாதாரண கிரானைட்டில் 80 கிராம் வரும், அதே அளவு மரத்தில் 25 கிராம் சுற்றித்தான். சின்னக் கத்திக்கு இவ்வளவு கனம் பின்னால் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அரைமணி நேரம் வெங்காயம் நறுக்கினால் மணிக்கட்டு வலிக்கும். பட்டையில் அடித்த கனமான கத்திகளுக்குத்தான் கல் பொருந்தும். மெல்லிய கத்தி என்றால் முன்பாதி மரம், பின்பாதி மட்டும் ஒரு துண்டுக் கல் என்று போடுங்கள்.

தோட்டக்கார அம்மா நல்லவர்கள். நடந்ததைச் சொன்னதும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, பாதிக் கத்திக்கு மரம், பாதிக்குக் கல் என்று ஒத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அப்படி ஆள் அமையாது. இப்போது ஆர்டர் எடுக்கும்போது கல்லுக்கும் வெட்டுக்கூலிக்கும் தனித் தொகை முதலிலேயே வாங்கிவிடுகிறேன், தேதியை ஒரு மாதம் தள்ளியே சொல்கிறேன். தேவைக்கு மேல் பாதிப் பங்கு பில்லை கூடுதலாக வெட்டி, அதே கல்லில் இரண்டு பில்லைகளை வாங்குகிறவர் பெயர் எழுதி எடுத்து வைக்கிறேன். தரையில் விழுந்தால் உடையும், கொதிக்கிற தண்ணீரில் போடக்கூடாது என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். உடைந்து வந்தால் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிற செலவையும் கத்தி விலையில்தான் சேர்த்திருக்கிறேன், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.